மஞ்சள் பூசிய பீப்பாய்

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு முடித்து, வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தியாகராய நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வாயில் அது மாம்பலம்தான். ரங்கூனில் அரிசி ஆலை, கோலாரில் சுரங்கம், நடுவில் இன்னும் சில ஊர்கள் என்று சுற்றிவிட்டு வந்த என்னை, டிக்கெட் இல்லாததற்காகச் சைதாப்பேட்டையில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். மேலே போகக் காசில்லை. திரும்பிப் போக ஊர் என்று ஒன்றும் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன். எங்கிருந்தோ எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. பசித்தவனுக்கு அது சமையல் வாசனையாகத்தான் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் நின்றேன். உள்ளே சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குச் சொந்தக்காரர் ஒரு சாயபு. ஒல்லியான மனிதர். இடது கண் பால் விழுந்தது மாதிரி வெளுத்திருந்தது. அதில் பார்வை இல்லை. என்ன வேலை தெரியும் என்று கேட்டார். எதுவும் முழுசாகத் தெரியாது என்றேன். என் பள்ளிப் படிப்பும் அப்படித்தான், மூன்றாம் வகுப்போடு நின்றது.

"அப்ப சரி" என்றார். "எல்லாம் தெரிஞ்சவன்தான் இந்த வேலைல கண்ண வுட்டுட்டுப் போவான்."

அவர் தன்னைத்தான் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. வாலிபத்தில் வேறொருவர் கொட்டகையில் வேலை செய்தபோது, காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார். அது சீறி எழும்பி ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது. பக்கத்தில் கழுவுவதற்குத் தண்ணீர் இல்லை. கிணற்றடிக்கு ஓடிப்போவதற்குள் கண் போய்விட்டது.

சோப்புக்கு உயிர் அந்தக் காரம்தான். காஸ்டிக் சோடா என்று சீமையிலிருந்து கப்பலில் வரும். இரும்புப் பீப்பாய்க்குள் வெள்ளைப் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். பீப்பாயின் தலையை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, வெந்நீர்த் தொட்டியின் மேல் கவிழ்த்து வைப்போம். நீராவி பட்டுக் காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். அந்தத் தண்ணீரைத் தேங்காய் எண்ணெயில் விட்டுக் காய்ச்சினால் சோப்பு. கையில் பட்டால் முதலில் வழவழவென்று சுகமாகத்தான் இருக்கும். அது தோலையே சோப்பாக்கிக்கொண்டிருக்கிற சுகம். எரிய ஆரம்பிக்கும்போது தோல் இருக்காது. என் முழங்கையில் அப்படி ஒரு வட்டம் இன்றும் வழுக்கையாக இருக்கிறது.

சாயபு எங்களுக்கு வைத்திருந்த சட்டங்கள் அதிகமில்லை. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. வெறுங்காலோடு உள்ளே வரக்கூடாது; மோட்டார் டயரை வெட்டிச் செருப்புத் தைத்துக் கொடுத்திருந்தார். பாறையை உடைக்கும்போது முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். கொட்டகையின் நடுவில் ஒரு தொட்டி இருந்தது. கண் தொட்டி என்று பெயர். தினம் காலையில் அவரே அதைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பி மூடி வைப்பார். யாருக்காவது கண்ணில் பட்டால் தலையை அதில் முக்க வேண்டும். வேறு எதற்கும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. உயிர் போகிற தாகம் எடுத்தாலும் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே வெந்நீர்ப் பக்கம் நிற்பது ஒரு தண்டனை.

அதைவிடப் பெரிய தலைவலி காலிப் பீப்பாய்கள். சென்னையில் எந்தப் பீப்பாயும் காலியாகக் கிடந்ததில்லை. புது வீடு கட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு கரைக்க வேண்டும், ஓட்டல்காரர்களுக்குப் பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், குடித்தனக்காரர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் கரைந்து இறங்கின பிறகும் அடியில் ஒரு பொருக்கு நிற்கும். மூட்டுவாயில் வெள்ளையாக ஒளிந்திருக்கும். பார்த்தால் உப்பு மாதிரி, சிறு பிள்ளைகள் பார்த்தால் கற்கண்டு மாதிரி. அதனால் ஒவ்வொரு பீப்பாயையும் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, கழுவி எடுப்போம். கழுவின தண்ணீர் வீணாகாது, அடுத்த காய்ச்சலுக்குப் போய்விடும். சுரண்டின வண்டலுக்குப் பின்பக்கம் செங்கல் கட்டின குழி. சுற்றிலும் ஆடு மாடு நுழையாதபடி முள்வேலி.

கழுவினது போதுமா என்று எப்படித் தெரியும்? அதற்கு மஞ்சள். மஞ்சள் கறை பட்ட சேலையைச் சோப்புப் போட்டுத் தோய்த்தால் கறை சிவப்பாகும் என்பது தமிழ்நாட்டில் துணி தோய்த்த எல்லாருக்கும் தெரியும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சோப்பைக் கம்பியால் அறுத்துத் துண்டு போடுகிற ஒரு பெண் எங்களோடு இருந்தாள். கொட்டகைக்கே அவள் அக்கா. மஞ்சள் குழைத்த துணியைப் பீப்பாய்க்குள் விட்டு மூட்டுவாயெல்லாம் தேய்ப்பாள். துணி சிவந்தால் பீப்பாய் மறுபடி தண்ணீருக்குப் போகும். மஞ்சளாகவே வந்தால் அதே துணியால் பீப்பாயின் வெளிப்புறத்தில் ஒரு பட்டை இழுத்துவிடுவாள். மஞ்சள் பட்டை இருந்தால் வெளியே கொடுக்கலாம், இல்லாவிட்டால் கூடாது. எனக்குத் தமிழ் கூட்டி வாசிக்க வரும், சாயபுவுக்கு உருது, அக்காவுக்கு இரண்டும் இல்லை. மஞ்சள் எல்லாருக்கும் புரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்குச் செலவு சாயபுவுடையது. பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாம் அவரே சைதாப்பேட்டையிலிருந்து வாங்கி வந்து இறக்கிவிட்டு, வெளியே புளிய மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். பூசணிக்காயை மட்டும் ரோட்டில் உடைக்காதீர்கள், மாடு வழுக்கும் என்பது ஒன்றுதான் அவர் சொல்வது. உள்ளே நாங்கள் கொட்டகையைக் கழுவி, கொப்பரை, அச்சுப் பெட்டி, உளி, சம்மட்டி, தராசு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தோம். அக்கா கிண்ணத்தோடு முன்னால் போக, நான் குங்குமத்தோடு பின்னால் போனேன். ஒன்றை விட்டால் அதற்கு மனத்தாங்கல் வந்துவிடும் என்பது அவள் கட்சி. விளக்குமாற்றுக்குக்கூட வைத்தோம். சுவரோரம் நின்ற பீப்பாய்களுக்கும் வைத்தோம்.

விஜயதசமி கழிந்து வேலை தொடங்கின அன்று, சைதாப்பேட்டையிலிருந்து பழைய இரும்புக்காரன் வண்டி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். நானும் அக்காவும் உள்ளே அறுப்பில் இருந்தோம். சாயபுவே மூன்று பீப்பாய்களை ஏற்றிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பீப்பாய் கழுவுவதற்காகச் சுவரோரம் போனேன். வாய் நெளிந்த பீப்பாய் ஒன்று இருந்தது. அடியில் கனமாகப் பொருக்கு கட்டியிருந்ததால், அதை இரண்டு தடவை ஊறப் போட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். அதைக் காணோம்.

"அக்கா, வாய் நெளிஞ்ச பீப்பா எங்க?"

"மஞ்ச வெச்சதெல்லாம் சாயபு நேத்து ஏத்தி வுட்டாரே" என்றாள், சோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அத்த இன்னும் நாம கழுவவே இல்லியே."

"கழுவாததுக்கு மஞ்ச எப்படி..." என்றவள் கம்பியை அப்படியே விட்டாள். சுவரோரம் நின்ற பீப்பாய்களைப் பார்த்தாள். கழுவினது, கழுவாதது, எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளும் குங்குமமுமாக நின்றன. வெளிப்புறத்தில் காரம் இல்லாததால் மஞ்சள் எங்கேயும் சிவக்கவும் இல்லை.

சாயபுவிடம் சொன்னோம். யார் மஞ்சள் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. "என் கையாலதான் தூக்கிக் குடுத்தேன்" என்றார். பிறகு கூஜாவைக் கழுவி, கண் தொட்டியில் முக்கி நிரப்பி, திருகி மூடினார். அந்தத் தொட்டித் தண்ணீர் வெளியே போனதை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா முந்தானையில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்துகொண்டாள். கொப்பரையின் அடியில் நெருப்பை இழுத்துவிட்டு மூவரும் சைதாப்பேட்டைக்கு நடந்தோம். ஓடினோம் என்றும் சொல்லலாம். டயர் செருப்போடு ஓடுவது சிரமம்.

பழைய இரும்புக்காரன் கடை, கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு பீப்பாய்கள் வாசலிலேயே நின்றன. இரண்டின் வாயும் நேராக இருந்தது. அக்கா அப்படியும் விடவில்லை. மஞ்சளை எச்சிலில் உரைத்து உள்ளே தடவிப் பார்த்தாள். மஞ்சளாகவே இருந்தது. மூன்றாவது எங்கே என்று சாயபு கேட்டார். விற்றுவிட்டேன் என்றான். யாருக்கு, எதற்கு என்று இவர் கேட்கக் கேட்க அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பீப்பாவுக்கு ஜாதகம் பாத்துகினா விப்பாங்க, சாயபு?"

"வெசம் நைனா அதுல கீது. சொல்லு."

அவன் முகம் மாறியது. மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு பெண்பிள்ளை வாங்கினாள் என்றான். ஆறு கடலில் சேருகிற இடத்தில் குப்பம். மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. குப்பத்துக் கிணறு உப்பு. தாய்க்கும் பிள்ளைக்கும் நல்ல தண்ணீர் வண்டியில் வரவழைத்து நிரப்பி வைக்கத்தான் பீப்பாய் வாங்கினாள்.

சந்து முனையில் நின்ற ஜட்காவில் ஏறினோம். பாலத்தைத் தாண்டி, கிண்டியை விட்டு அடையாறு போகிற சாலையில் வண்டி திரும்பியது. அந்தப் பக்கம் அப்போது தோப்பும் வெட்டவெளியும்தான். சாயபு கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கண்ணால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்கா, பிஞ்சுத் தோல், பிஞ்சுக் கண் என்று முனகினாள். குதிரைக்காரன் எங்களைச் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கேட்காமலே விரட்டினான்.

மணல் தொடங்கின இடத்தில் குதிரை நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அப்பால் ஒரு குடிசையின் முன்னால் பாதிக் குப்பம் கூடி நின்றது. கூட்டத்தைப் பார்த்ததும் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நடுவில் எங்கள் பீப்பாய் இருந்தது. வாய் நெளிந்த அதே பீப்பாய். நிறையத் தண்ணீர். தண்ணீர் ரத்தம் மாதிரி சிவந்து, மேலே வேப்பிலை மிதந்தது. பீப்பாயின் காலடியில் ஒரு சேவலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். முன்னால் ஈரத்தலையோடு கைகூப்பி நின்றவள்தான் மீன்காரி என்று புரிந்தது.

பிறகு விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. தண்ணீர் வண்டி காலையில் வந்து பீப்பாயை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. புதுப் பாத்திரத்தில் முதல் தண்ணீர் விட்டால், ஆத்தாளுக்கென்று ஒரு பிடி மஞ்சள் தூளும் வேப்பிலையும் போட்டுக் கற்பூரம் காட்டின பிறகே வீட்டுக்கு எடுப்பது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை வேறு. மீன்காரி மஞ்சளைப் போட்டுக் கையால் கலக்கியிருக்கிறாள். கண்ணெதிரே தண்ணீர் சிவந்துவிட்டது. ஆத்தா ரத்தம் கேட்கிறாள் என்று பதறி, தம்பியைச் சேவலுக்கு விரட்டியிருக்கிறாள். சேவலை அறுக்கும்வரை யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கட்டளை. குழந்தையும் தாயும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. அந்த அழுகையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

சாயபு கூட்டத்துக்குள் வந்து தண்ணீரைப் பார்த்தார். மீன்காரியைப் பார்த்தார்.

"தாயே, ஆத்தா ஒண்ணும் கேக்கல. தப்பு என்னுது" என்றார்.

மீன்காரி திரும்பினாள். "ஆத்தா கேட்டாளா கேக்கலியான்னு சொல்றதுக்கு நீ யாரு?"

"சோப்புக் காய்ச்சறவன். இந்தப் பீப்பால காரம் கீது. கழுவாம குடுத்துட்டேன்."

"ரத்தமா நிக்குது, காரம்ன்றான். பாயி, நீ உன் சோலியப் பாத்துகினு போ."

நியாயம்தான். ஆத்தாள் விஷயத்தில் ஒரு சாயபு வந்து தீர்ப்புச் சொன்னால் யார் ஏற்பார்கள்? கூட்டத்தில் இரண்டு ஆண்கள் அவர் பக்கமாக நகர்ந்தார்கள். அதற்குள் அக்கா எழுந்து வந்து சேர்ந்துவிட்டாள். யாரையும் கேட்காமல் மீன்காரியின் எதிரில் போய் நின்றாள்.

"ஏமே, நீ மஞ்ச தேச்சிக் குளிக்கிறவதானே?"

"ஆமா. அதுக்கின்னா?"

"மஞ்சக் கறை பட்ட சீலைக்கு சோப்பு போட்டா இன்னா ஆவும்?"

மீன்காரி திரும்பிப் பீப்பாயைப் பார்த்தாள். அக்கா இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற சோப்புத் துண்டை எடுத்து, மீன்காரியின் கலக்காத கையைப் பிடித்து, குளித்த மஞ்சள் படிந்த புறங்கையை வாசல் சட்டியில் இருந்த உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய் தேய்த்தாள். கை சிவந்தது. கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆண்களுக்குத்தான் கொஞ்சம் நேரமாகியது. அவர்கள் துணி தோய்ப்பதில்லை.

மீன்காரி பீப்பாயில் விட்ட கையை முகர்ந்து பார்த்தாள். "அதான் வழவழன்னு இருந்துச்சா? நான் மீன் கைன்னு நெனச்சேன்."

அவள் கலக்கின கை முழங்கை வரைக்கும் வேறு விதமாகச் சிவந்திருப்பதை அப்போதுதான் பார்த்தோம். எரிகிறது, ஆனால் ஆத்தாளுக்குமுன் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். சாயபு கூஜாவைத் திறந்து, அவள் கையை நீட்டச் சொல்லி, மேலிருந்து கீழே மெதுவாக ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, கண்ணைத் தொட்டாயா, குழந்தையைத் தொட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றாள். அதற்குப் பிறகுதான் கூஜாவை மூடினார்.

மீதி இருந்தது அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பது. மணலில் கொட்டினால் பிள்ளைகள் விளையாடுகிற இடம். கிணற்றுப் பக்கம் பேச்சே இல்லை. கடலில் கொட்டலாம் என்று நான் சொன்னேன். அங்கேதான் வலை போடுகிறோம் என்று ஒரு கிழவர் அடிக்க வந்தார். கடைசியில் சாயபு, என் காரம் என் கொப்பரைக்கே போகட்டும் என்றார். குப்பத்தில் இருந்த மண்ணெண்ணெய் டின்களைத் திரட்டி, கொட்டாங்கச்சி அகப்பையால் சிந்தாமல் மொண்டு ஊற்றினேன். டின்களும் பீப்பாயும் ஏற்ற மாட்டு வண்டி பிடிக்க ஆள் போனான்.

வண்டி வரும்வரை சேவலை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஆத்தாளுக்கென்று வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்றார்கள் சிலர். ஆத்தாதான் கேட்கவில்லையே என்றார்கள் சிலர். மீன்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாயபுவைப் பார்த்தாள்.

"ஆத்தா கேக்கல, நீதான் வந்து கேட்டே. நீயே அறு. அறுத்துட்டு ஒக்காந்து துன்னுட்டுப் போ. வந்த வெனைய சோறு போட்டுத்தான் அனுப்பணும்."

சாயபு சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். அவர் முறைப்படி அறுக்க, அவர்கள் முறைப்படி மீன் குழம்புச் சட்டியிலேயே காய்ச்சினார்கள். கோழிக் குழம்பில் மீன் வாசனை அடித்தது. ரங்கூனிலிருந்து கோலார் வரைக்கும் எத்தனையோ இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன். அதைப் போல ருசி எனக்கு வாய்க்கவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. குழம்பில் நல்ல உறைப்பு. வீட்டில் இருந்த நல்ல தண்ணீரெல்லாம் எங்கள் புண்ணியத்தில் டின்களில் இருந்தது. நாங்கள் மூவரும் விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூஜாவில் பாதி மிச்சமிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அக்கா பார்த்தாள். சாயபு எங்களைப் பார்த்தார். மூடியில் ஊற்றி முதலில் மீன்காரிக்குக் கொடுத்து, பிறகு எங்களுக்குக் கொடுத்தார். கண் தொட்டித் தண்ணீரை நான் குடித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாளே கழுவின பீப்பாய் ஒன்றை நல்ல தண்ணீர் நிரப்பிக் குப்பத்துக்கு அனுப்பினார். எங்கள் வழக்கத்தையும் மாற்றினார். கழுவாத பீப்பாய்க்குத்தான் இனிமேல் அடையாளம், அதுவும் தாரில், வெளியிலும் விளிம்பிலும். தாரை யாரும் சாமிக்குப் பூச மாட்டார்கள் என்றார். கழுவி மஞ்சள் பார்த்த பிறகு, தாரைச் சுரண்டி எடுத்தால்தான் பீப்பாய் வாசலைத் தாண்டும். தார் சுரண்டுவது என் வேலையாயிற்று. நகமெல்லாம் கறுத்துப்போனது. அடுத்த ஆயுத பூஜையின்போது கழுவாத பீப்பாய்கள் முள்வேலிக்குள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றுக்கு மனத்தாங்கல் வருமே என்று அக்காவிடம் கேட்டேன். வரட்டும் என்றாள்.

டின்களில் வந்த தண்ணீரில் காய்ச்சின சோப்பு லேசாகச் சிவந்தே வந்தது. மஞ்சள் முழுவதும் போகவில்லை. விற்பனைக்கு ஆகாது என்று அதைக் குப்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

நான் ஓர் ஊரில் அதிக காலம் தங்குகிறவன் அல்ல. மாம்பலத்தில் தங்கினேன். சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் மீன்காரி கூடைக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவாள். மடியில் பேரப்பிள்ளை கருவாட்டை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கும்.

"இன்னா சோப்பு, ஆத்தா இன்னிக்கி எதனா கேட்டாளா?"

இல்லை என்பேன்.

"அப்ப மீன வாங்கிகினு போ" என்பாள்.